ஆற்றுப்படுத்தக் கற்றல்

எங்கள் வெண்ணந்தூரில் பொழுது தறியின் ஓசையோடு விடிகின்றது; பெரும்பாலும் அதே ஓசையோடு அடைகின்றது. அவ்வோசை சற்று ஓய்ந்திருந்த ஒரு மாலை நேரத்தில், நெசவாளர் குடும்பத்துப் பெண் ஒருத்தி என்னைக் காண வந்தாள். வரலாற்றில் பட்டம் பெற்றவள், பி.எட். முடித்தவள்; பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் குறைந்த ஊதியத்துக்குப் பணிபுரிகின்றவள். தன் கைப்பேசியில் வந்த ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். ஆறே வாரத்தில், வீட்டில் இருந்தபடியே, இணையவழியில் பள்ளி ஆலோசகர் ஆகிவிடலாம் என்று அது கூறியது. கட்டணம் அவளுடைய பல மாத ஊதியம்.

"ஐயா, அப்பா பணம் கட்டச் சம்மதித்துவிட்டார். கட்டலாமா? வீட்டிலிருந்தே படித்து இந்த வேலைக்குப் போக முடியுமா?" என்று கேட்டாள்.

நானும் ஆசிரியப் பணிக்கு இடையே தொலைநிலையில் உளவியல் முதுகலை படித்தவன். ஆதலால் என்னைத் தேடி வந்திருந்தாள். அன்று அவளுக்கு நான் கூறியவற்றையே சற்று விரிவாக இன்று உங்கள் முன் வைக்கின்றேன். எங்கள் ஊரைப் போன்ற பல ஊர்களில், பல வீடுகளில், இதே கேள்வி இன்று எழுந்திருக்கும் என்பது என் எண்ணம்.

முதலில் அத்தொழில் யாது என்பதைப் பார்ப்போம். ஆலோசகர் என்றதும், ஆலோசனை வழங்குபவர், அதாவது 'இப்படிச் செய், அப்படிச் செய்யாதே' என்று சொல்பவர் என்றே நாம் எண்ணிக்கொள்கின்றோம். அறிவுரை கூறுவோருக்கு நம் நாட்டில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. பள்ளி ஆலோசகரின் பணி வேறு. தமிழில் இப்போது வழங்கும் மற்றொரு சொல் அதனை நன்கு விளக்குகின்றது. ஆற்றுப்படுத்துநர் என்பது அச்சொல். ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள் அல்லவா? பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்குத் தான் நடந்து வந்த வழியைக் காட்டுகின்றான். அவனைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. அவன் காலாலேயே அவன் நடக்கின்றான். மாணவன் தன் இடர்ப்பாட்டைத் தானே தெளிவாகக் காணவும், தன் முடிவைத் தானே எடுக்கவும் துணைநிற்பவரே பள்ளி ஆலோசகர். படிப்பில் பின்தங்கல், தேர்வு அச்சம், வீட்டுத் துயரம், நட்புப் பிணக்கு, பள்ளியை விட்டு நிற்கும் எண்ணம், மேற்கொண்டு எதைப் படிப்பது என்ற மயக்கம் ஆகிய யாவும் அவரிடம் வரும்.

இத்தொழிலின் தேவையை எனக்கு உணர்த்தியது நான் செய்த ஒரு பிழை. பல ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்பில் முன்வரிசை மாணவன் ஒருவன் நாள்தோறும் தூங்கி விழுந்தான். நான் அவனை எழுப்பி நிற்க வைத்தேன்; வகுப்பார் முன் கடிந்துரைத்தேன்; படிப்பில் அக்கறை இல்லை என்று அவன் தந்தைக்கும் எழுதினேன். ஒருநாள் அவன் வரவில்லை, பிறகு வரவேயில்லை. மூன்று வாரம் சென்று அவன் வீட்டுக்குப் போனபோதுதான் அறிந்தேன்: தாய் நோயுற்று மருத்துவமனையில் இருந்தாள்; தந்தை அவளுக்குத் துணை இருந்தார்; வீட்டு விசைத்தறியை இரவெல்லாம் ஓட்டியவன் அந்தப் பையன். 'ஏனப்பா தூக்கம்?' என்று தனியே ஒருமுறை கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. அவன் அவ்வாண்டுத் தேர்வை எழுதவில்லை; மறு ஆண்டே எழுதினான். ஓராண்டு அவனுடையது, தவறு என்னுடையது. கேட்கவும் ஒரு கல்வி வேண்டும் என்று அன்று தெளிந்தேன்.

இக்கல்வி உலகில் தோன்றி நூறாண்டுக்குச் சற்று மேல் ஆகின்றது. 1908-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர், இளைஞர்கள் தத்தம் இயல்புக்கு ஏற்ற தொழிலைத் தேர்ந்துகொள்ள உதவும் நிலையம் ஒன்றை அமைத்தார். தொழில் தேர்வுக்கு உதவிய அம்முயற்சி, நாளடைவில் மாணவரின் மனநலனையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. நம் நாட்டில், டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பள்ளிகளில் வழிகாட்டும் பணி வேண்டும் என வற்புறுத்தியது. 1954-இல் நடுவண் அரசு கல்வி, தொழில் வழிகாட்டுதலுக்கென ஒரு நிலையத்தை நிறுவியது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் குழு, பத்துப் பள்ளிகளுக்கு ஒருவராவது சென்று வரும் ஆலோசகர் இருத்தல் வேண்டும் என்று குறைந்த அளவையே கேட்டது. அக்குறைந்த அளவும் நெடுங்காலம் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது.

இப்போது நிலை மாறத் தொடங்கியுள்ளது. மாறிய காரணம் மகிழ்ச்சிக்குரியது அன்று. விசாகப்பட்டினத்தில் 2023-இல் நுழைவுத் தேர்வுக்குப் படித்துவந்த 17 வயது மாணவி ஒருத்தி உயிரிழந்தாள். அவ்வழக்கில் 2025 ஜூலை 25 அன்று உச்சநீதிமன்றம் கல்வி நிலையங்களுக்குப் பதினைந்து நெறிமுறைகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் ஒவ்வொரு நிலையமும், குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்துதல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதனினும் சிறிய நிலையங்கள், வெளியே உள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ளுதல் வேண்டும். மதிப்பெண்ணே உயிர்மூச்சாகக் கருதப்படும் விடுதிப் பள்ளிகள் மிகுந்த நாமக்கல் மாவட்டத்தில், இத்தீர்ப்பின் பொருளை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

தேவை பெருகும்போது போலியும் பெருகும். ஆறு வார விளம்பரம் எழுவது அதனால்தான். எனவே, இக்கல்வியில் எது இணையத்தின் வழியே ஊர் வந்து சேரும், எது சேராது என்று பிரித்தறிதல் இன்றியமையாதது.

தொலைவிலிருந்து படிப்பது நமக்குப் புதிதன்று. 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1979-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அதில் இறங்கியது. 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. தபால்காரர் கொண்டுவந்த பாடக்கட்டுகளைப் படித்து முன்னேறிய ஆசிரியர்கள் எத்தனையோ பேர். அந்தக் கட்டு இன்று கைப்பேசித் திரையாக மாறியிருக்கின்றது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, அதன் ஒப்புதல் பெற்ற நிலையங்கள் தொலைநிலையிலும் இணையவழியிலும் தரும் பட்டங்கள், நேரில் படித்துப் பெறும் பட்டங்களுக்கு இணையானவை.

நான் படித்த காலத்தில், இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, அண்டை வீட்டுத் தறி நின்ற பின்பு, பதிவு செய்த விரிவுரைகளைக் கேட்பேன். குழந்தை வளர்ச்சியின் படிநிலைகள், கற்றல் குறைபாடுகள், நுண்ணறிவையும் ஆர்வத்தையும் அளக்கும் சோதனைகள், புள்ளியியல், ஆலோசனைக் கோட்பாடுகள் ஆகியவை வெண்ணந்தூரில் இருந்த என்னிடம், சென்னையில் இருப்பவனிடம் சேர்வது போலவே வந்து சேர்ந்தன. புரியாத இடத்தைத் திருப்பிக் கேட்கலாம். நேர் வகுப்பில் கிட்டாத வசதி இது. எழுத்துத் தேர்வில் நான் குறைவின்றித் தேறினேன். இந்த அளவில் இணையவழிக் கல்வியைப் போற்றவே வேண்டும்.

ஆனால், மற்றொரு பாதி உண்டு. காரல் ராஜர்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1957-இல் எழுதிய கட்டுரையில், ஆலோசகருக்கு இன்றியமையாத மூன்று பண்புகளை எடுத்துக் காட்டினார். எதிரே இருப்பவரின் உள்ளத்தை அவர் நிலையில் நின்று உணர்தல் ஒன்று. நிபந்தனை விதியாமல் அவரை ஏற்றுக்கொள்ளுதல் மற்றொன்று. நடிப்பின்றித் தான் தானாகவே இருத்தல் இன்னொன்று. தேர்வில் இம்மூன்றையும் எழுதி முழு மதிப்பெண் பெறலாம். நான் பெற்றேன். அதன் பின்னர்ச் சேலத்தில், அனுபவம் முதிர்ந்த ஆலோசகரான ஓர் அம்மையாரிடம் பயிற்சிக்குச் சென்றேன். சக ஆசிரியர் ஒருவர் மாணவராக நடிக்க, நான் ஆலோசகராகப் பத்து நிமிடம் பேசினேன். அதனைப் பதிவும் செய்தேன். அம்மையார் அப்பதிவை ஓடவிட்டு, "நீங்கள் எத்தனை முறை அறிவுரை சொன்னீர்கள் என்று நீங்களே எண்ணுங்கள், ஐயா" என்றார். எண்ணினேன், ஒன்பது முறை. எதிரே இருந்தவர் மூன்று முறை தன் துயரைச் சொல்ல வாயெடுத்திருந்தார். மூன்று முறையும் நான் இடைமறித்திருந்தேன். எந்த விரிவுரையும் எனக்கு இதைக் காட்டவில்லை. காட்டவும் இயலாது, திரைக்கு என் பேச்சு கேட்காது.

நெசவாளர் இதனை எளிதில் உணர்வர். பாவு எவ்வளவு நேர்த்தியாக இழுத்துக் கட்டியிருந்தாலும், ஊடை குறுக்கே ஓடாதவரை அது நூலேயன்றித் துணியாகாது. நூலறிவு பாவு, மேற்பார்வையின்கீழ்ப் பெறும் செயற்பயிற்சி ஊடை. பாவினைத் தொலைவிலிருந்து வாங்கிக்கொள்ளலாம்; ஊடையைத் தறியில் அமர்ந்துதான் ஓட்ட வேண்டும்.

இணையவழியில் ஆலோசகர் கல்வி பரவியுள்ள அமெரிக்காவிலும் இதுவே விதி. அங்கே ஆலோசகர் கல்விக்குத் தரச்சான்று தரும் மன்றம் ஒன்று உண்டு. அதன் சான்று பெற்ற முதுகலைப் படிப்பை நேரில் படித்தாலும் திரையில் படித்தாலும், முதற்கண் 100 மணி நேரச் செயற்பயிற்சியும், பின்பு 600 மணி நேரப் பணியிடப் பயிற்சியும் கட்டாயம். அந்த 600-இல் 240 மணி நேரமாவது நேரடியாக மக்களுக்கு உதவும் பணியில் கழிய வேண்டும். இணையவழி மாணவர் தம் ஊர்ப் பள்ளியிலேயே, தகுதி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் அதனை நிறைவு செய்கின்றனர். இணையம் அங்கே வகுப்பறையின் இடத்தைப் பெற்றது. பயிற்சிக் களத்தின் இடத்தைப் பெறவில்லை.

நம் நாட்டில் அந்த இரண்டாம் பாதி பல இடங்களில் மெலிந்தே இருந்தது. மேற்பார்வையாளரின் கையொப்பம் மட்டும் பெற்று, பயிற்சி ஏட்டை நிரப்பிக் கொடுத்தவர்களை நான் கண்டிருக்கின்றேன். அத்தகைய ஏட்டைப் படித்துப் பார்ப்பவரும் இல்லை, நெறிப்படுத்துவாரும் இல்லை. ஆயின், ஆலோசகர் எதிரே வந்து அமரும் குழந்தை ஏட்டைக் காண்பதில்லை.

இவ்விடத்தில்தான் 2025-இல் ஒரு பெரிய மாற்றம் நேர்ந்தது. இதனை அறியாமல் பணம் கட்டுவோர் ஏமாறுவர். 2021-இல் நாடாளுமன்றம், சுகாதாரம் சார்ந்த தொழில்களை ஒழுங்குபடுத்தத் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்கும் சட்டத்தை இயற்றியது. உளவியலாளரும் ஆலோசகர் சிலரும் அச்சட்டத்தின் வரம்புக்குள் அடங்குவர். அதனை ஒட்டி, அச்சட்டத்துக்கு உட்பட்ட படிப்புகளையும், உளவியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட படிப்புகளையும் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தலாகாது என்றும், 2025 ஜூலை–ஆகஸ்டு பருவம் முதல் புதிதாக மாணவரைச் சேர்க்கலாகாது என்றும் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. நான் படித்த வழி, எனக்குப் பின் வருவோருக்கு இவ்வாறு அடைபட்டது.

இதனைக் கேட்ட அப்பெண் முகம் வாடினாள். எனக்கும் இரு மனம் உண்டு. சேலத்துக்கோ சென்னைக்கோ சென்று ஈராண்டு தங்கிப் படிக்க இயலாத பெண்களுக்கு, தொலைநிலைக் கல்வியே வாயிலாக இருந்தது. அவ்வாயிலை மூடியதனால் ஊர்ப்புறத்தார்க்கு நேரும் இழப்பு சிறிதன்று. ஆனால், களப்பயிற்சி இன்றி ஆலோசகர் ஆகலாகாது என்னும் கொள்கையை என்னால் மறுக்க இயலவில்லை. பயிற்சியைக் கட்டாயமாக்கி வாயிலைத் திறந்தே வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. அது கருத்தே, விதி அன்று. விதி இப்போது இதுவே.

அப்படியாயின் வேறு வழி இல்லையா? உண்டு. அவளைப் போன்றவர்க்கு மிகவும் பொருந்தும் வழி ஒன்றைக் கூறுகின்றேன். தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் கழகம், வழிகாட்டலிலும் ஆலோசனையிலும் ஓராண்டுப் பட்டயப் படிப்பு ஒன்றை நடத்துகின்றது. ஆசிரியர் கல்வி முடித்த பட்டதாரிகளும், உளவியல், கல்வியியல், சமூகப் பணி போன்ற துறைகளில் முதுகலை பெற்றோரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். படிப்பு மூன்று பகுதியானது. முதல் ஆறு மாதம் வீட்டிலிருந்து கற்றல். அடுத்த மூன்று மாதம் மைசூரிலுள்ள மண்டலக் கல்வி நிலையம் போன்றதொரு மையத்தில் நேரில் தங்கிப் பயிலுதல். இறுதி மூன்று மாதம் தம் ஊரிலேயே களப்பயிற்சி. பாவும் ஊடையும் அளவறிந்து சேர்ந்த படிப்பு இது என்பேன்.

முதுகலைப் பட்டமே வேண்டுவோர்க்கு, 1997-இல் தோன்றிய சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை உண்டு. நம் பகுதியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் சென்றுவரும் தொலைவுதான். மனநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவ உளவியலாளர் ஆவது இவற்றினும் வேறு. அதற்கு இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்கும் தனிக் கல்வியும் பதிவும் வேண்டும். பள்ளி ஆலோசகர் அப்பணியை மேற்கொள்ளலாகாது. தம் எல்லையை அறிந்து, உரியவரிடம் உரிய காலத்தில் அனுப்புவதும் அவர் கற்கவேண்டிய கல்வியே.

எந்தப் படிப்பில் சேர எண்ணினாலும், பணம் கட்டுமுன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நடத்தும் நிலையம் யாருடைய ஒப்புதல் பெற்றது? அவ்வொப்புதல் இந்த ஆண்டுக்கும் இந்தப் பாடத்துக்கும் உள்ளதா? நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம்? அதனை மேற்பார்ப்பவர் யார்? அவர் நம் பேச்சைக் கேட்டுத் திருத்துவாரா, ஏட்டில் கையொப்பம் மட்டும் இடுவாரா? நாம் வேலை தேடும் பள்ளி அச்சான்றினை ஏற்குமா? மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, ஒப்புதல் பெற்ற நிலையங்களையும் படிப்புகளையும் தன் இணையதளத்தில் வெளியிடுகின்றது. விளம்பரத்தை நம்புமுன் அதனைப் பார்த்தல் நலம்.

பயிற்சியின்மை எத்தகைய தீங்கு செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகின்றேன். ஆலோசகரிடம் குழந்தை சொல்வது மறைவாகக் காக்கப்பட வேண்டும். இது முதல் விதி. ஆனால், அக்குழந்தை பாலியல் கொடுமைக்கு உள்ளானதாகச் சொன்னால்? 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி அதனைக் காவல்துறைக்கு அறிவித்தே ஆகவேண்டும், மறைப்பது குற்றம். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைச் சொன்னால், அதனையும் தனியே சுமக்கலாகாது. பெற்றோரையும் மருத்துவரையும் உடனே துணைக்கொள்ளுதல் வேண்டும். இந்த எல்லைகளை, முதல் நாள் முதற்பேச்சிலேயே குழந்தைக்கு எளிய சொல்லால் கூறிவிட வேண்டும். கூறாமல் 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்களித்துப் பின் சொல்ல நேர்ந்தால், அக்குழந்தை இனி எவரையும் நம்பாது. இந்தச் சில நிமிடப் பேச்சைத் தடுமாறாமல் பேசவே எனக்குப் பல நாள் பயிற்சி தேவைப்பட்டது. ஆறு வாரச் சான்றிதழ்க்காரர் என் செய்வார்?

மொழியைப் பற்றியும் ஒரு சொல். பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. குழந்தையின் துயரமோ தமிழில், அதுவும் ஊர்த் தமிழில், வருகின்றது. எங்கள் பக்கத்துப் பிள்ளை 'மனச்சோர்வு' என்று சொல்லமாட்டான். 'ஒன்றும் பிடிக்கவில்லை' என்பான். அல்லது 'தலை வலிக்கின்றது' என்று நாள்தோறும் சொல்வான். நூலில் கண்ட ஒவ்வொரு சொல்லுக்கும் இணையாகத் தம் ஊரில் வழங்கும் பேச்சை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்குமாறு, படிக்கச் செல்வோரை வேண்டுகின்றேன். நான் எழுதிய குறிப்பேடு எனக்குப் பட்டச் சான்றிதழைவிடப் பயன்பட்டது. ஊரில் பிறந்து ஊரில் பணிபுரிபவருக்கு உள்ள செல்வம் இது. நகரத்தார் இதனை எளிதில் பெற இயலாது.

பயிற்சி பெற்றவர் பள்ளிதோறும் வரும்வரை குழந்தைகள் காத்திருக்க இயலுமா? மனநல உதவிக்கு 14416 என்னும் தொலைபேசி எண் 2022 அக்டோபர் முதல் நாடு முழுதும் இயங்குகின்றது. இடருற்ற குழந்தைகளுக்கு 1098 உள்ளது. இவ்விரு எண்களையும் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதிவைக்க எந்தப் பட்டமும் வேண்டியதில்லை. தூங்கி விழும் மாணவனைத் தனியே அழைத்து, 'ஏனப்பா?' என்று கேட்கவும் பட்டம் வேண்டியதில்லை.

அந்தப் பெண் ஆறு வாரப் படிப்புக்குப் பணம் கட்டவில்லை. பட்டயப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தாள். மூன்று மாதம் மகளை வெளியூரில் தங்கவிட அவள் தந்தை தயங்கினார். நான் அவரிடம் போய்ப் பேசினேன். பேசினேன் என்பதைவிடக் கேட்டேன் என்பதே பொருந்தும். அவர் தயக்கம் பணத்தைப் பற்றியதன்று. ஊரார் பேச்சைப் பற்றியது என்பது அரைமணி நேரம் கழித்தே வெளிவந்தது. முழுவதும் சொல்லி முடித்தபின், சற்று நேரம் தறியையே பார்த்திருந்தார். பின்பு, "போய்ப் படித்து வரட்டும், திரும்பி நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத்தானே செய்யப் போகிறாள்" என்றார்.

அம்முடிவு அவருடையது. அன்று நான் ஓர் அறிவுரையும் சொல்லவில்லை.